வேடிக்கைச் சக்கரமும் வியாபாரக் கணக்கும்

மளிகைக் கடைக்கும் சக்கரப் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அன்பர்கள், தங்கள் கடை வாசலில் தொங்கும் சரக்கை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டுகிறேன். ஷாம்பு சரத்துக்கும் வாழைத்தாருக்கும் நடுவே பந்தும், பம்பரமும், பிளாஸ்டிக் காரும், விரலில் சுற்றும் சக்கரமும் தொங்காத கடை நமது கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் குறைவு. அரிசியிலும் பருப்பிலும் கிடைக்கிற லாபம் கைக்கும் வாய்க்குமாக இருப்பதால், நாலு விளையாட்டுச் சாமான் வாங்கிப் போட்டால் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கலாம் என்று எண்ணுவது இயற்கை. அதில் தவறொன்றும் இல்லை.

ஆனால் எந்தச் சாமானை வாங்குவது, எத்தனை வாங்குவது, எதைத் தொடவே கூடாது என்பதில்தான் முதல் நிற்கிறதா, முதலுக்கே மோசமா என்பது அடங்கியிருக்கிறது. கோடை விடுமுறை, கோவில்பட்டி செண்பகவல்லியம்மன் கோயில் பங்குனித் திருவிழா, கழுகுமலை பங்குனி உத்திரம், இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளி என்று சீசன் வரும்போதெல்லாம், “அண்ணாச்சி, புதுசா வந்திருக்கு, ரெண்டு பெட்டி போடட்டுமா?” என்று விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்கிறார். இப்போது அந்தப் பெட்டிகளில் சக்கரம் வைத்த பலகைகளும் வருகின்றன. கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஆகவே இந்தப் பலகைகளின் கதையை வணிகர் கண்ணால் ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

நம்மூர்ச் சக்கரங்கள்

ஸ்கேட்போர்டு என்பது பெரிய அதிசயம் அல்ல. ஒரு பலகை, அதன் அடியில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம். ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலால் தரையை உந்தினால் ஓடும். நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் கழித்துப் போட்ட பேரிங்குகளைப் பொறுக்கி, கட்டையில் செருகி, மேலே ஒரு பலகையை அடித்து, கயிறு கட்டித் திருப்பி ஓட்டிய பேரிங் வண்டியை நம்மில் பலர் ஓட்டியிருக்கிறோம். அதற்கும் முந்தியது நுங்கு வண்டி. தின்று முடித்த இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் தெருவெல்லாம் ஓடும். ஒரு கூந்தல் தேய்ந்து கிழிந்தால் அடுத்த நுங்கில் புதுச் சக்கரம் கிடைத்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வணிகப் பெருமக்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தேய்ந்தால் மாற்று கிடைக்கும் என்பதால்தான் நுங்கு வண்டி தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. சக்கரப் பலகை வியாபாரத்தின் மொத்த வரலாறும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ரத்தான ஆர்டர்களும் கழித்துப் போட்ட சக்கரமும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1950-களில் பிள்ளைகள் சறுக்குக் காலணிகளின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிப் பலகையில் அடித்து ஓட்டியதில் தொடங்கியது இது. 1960-களின் தொடக்கத்தில் கம்பெனிகள் பெரும் அளவில் செய்து விற்கத் தொடங்கின. களிமண் கலவையால் ஆன சக்கரங்கள் வந்தன. ஒரு சின்னக் கல் தட்டினாலும் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுகிறவன் முன்னால் போய் விழுவான். அடிபட்ட பிள்ளைகள் அதிகமானதும் 1965-இல் பல நகரங்கள் தெருவில் ஓட்டுவதற்குத் தடை போட்டன. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பிச் சரக்கைச் செய்து குவித்த கம்பெனிகளுக்குக் கடைக்காரர்களின் ஆர்டர்கள் ரத்தாகிவிட்டன. இரண்டு மூன்று வருடம் ஓஹோவென்று ஓடிய வியாபாரம் ஒரே சீசனில் படுத்துவிட்டது.

அதைத் திரும்ப எழுப்பியது விளம்பரம் அல்ல. பிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் 1970-களின் தொடக்கத்தில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், உள்ளரங்கச் சறுக்குக் காலணிக்காகச் செய்து விலை போகாமல் கிடந்த யூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். அவற்றைத் தன் பலகையில் மாட்டிப் பார்த்தார். கல்லில் தட்டினாலும் நிற்காமல் ஏறி ஓடியது, சத்தம் குறைவு, தரையை நன்றாகப் பிடித்தது. காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் அவர் அதை விற்கத் தொடங்கியதும் செத்துக் கிடந்த வியாபாரம் உயிர் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில், உதிரிக் குண்டுகளைக் கொட்டி நிரப்பும் முறை போய், மூடி போட்ட பேரிங்குகள் வந்தன. உள்துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. கொண்ட 608 என்ற எண்ணுள்ள பேரிங்தான் இன்றுவரை உலகம் முழுவதும் ஸ்கேட்போர்டில் போடுகிறார்கள். மிக்ஸி, மோட்டார் பழுது பார்ப்பவர்களுக்குத் தெரிந்த சாதாரண பேரிங் அது.

ஆக, பலகையை நிலைக்க வைத்தவை இரண்டே பொருள்கள்: நல்ல சக்கரம், நல்ல பேரிங். இரண்டும் பார்வைக்குப் பகட்டு இல்லாதவை. இரண்டும் தேய்பவை. தேய்வதால் திரும்பத் திரும்ப விற்பவை.

வந்தவை, போனவை

இனி வேடிக்கைச் சரக்குக்கு வருவோம். நான்கு சக்கரப் பலகை நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததுமே, அதை விசித்திரமாக்கிக் காசு பார்க்கப் பலர் கிளம்பினார்கள்.

1970-களிலேயே பலகையில் பெட்ரோல் இன்ஜினை மாட்டினார்கள். சத்தமும் புகையும் பொறுக்காமல் கலிபோர்னியா 1977-இல் மோட்டார் பலகைகளைத் தடை செய்தது. மின்சாரப் பலகைகளுக்கு அங்கே சாலை திறந்தது 2016-இல்தான். 1989-இல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்னேக்போர்டு வந்தது. இரண்டு பாதத் தட்டுகளை ஒரு கம்பியால் இணைத்து, காலைத் தரையில் ஊன்றாமல் உடம்பை நெளித்தே ஓட்டும் சாமான் அது. இயந்திர மனிதன் செய்யும் ஆராய்ச்சியாளர்கள் அது எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் படித்தார்கள். ஆனால் கடைத் தெருவில் அது நிற்கவில்லை. பிறகு ஃப்ளோபோர்டு என்று ஒன்று. வளைந்த அச்சு ஒன்றுக்கு ஏழு வீதம் 14 சக்கரம்! நான்கு சக்கரத்துக்கே மாற்றுத் தேடி அலையும் வாடிக்கையாளர் 14 சக்கரத்துக்கு எங்கே போவார்?

2000-க்குப் பிறகு இரண்டே சக்கரத்தில் நெளிந்து ஓடும் பலகை வந்தது. வேவ்போர்டு என்ற பெயரில் நம் நாட்டுப் பொம்மைக் கடைகளிலும் இது விற்கிறது. சாய்வாக மாட்டிய இரண்டு சுழல் சக்கரம், நடுவில் முறுக்கிக் கொடுக்கும் தண்டு. இது வேடிக்கைச் சரக்குகளில் ஓரளவு உருப்படி என்றே சொல்லலாம். ஏனெனில் அந்தச் சக்கரத்துக்குள்ளும் அதே சாதாரண பேரிங்தான். தேய்ந்தால் மாற்றிக்கொள்ள வழி உண்டு.

2001-இல் அமெரிக்காவில் செக்வே என்ற தானே சமநிலை காக்கும் இரு சக்கர வண்டி வந்தபோது, இனி ஊர்களின் அமைப்பே மாறிவிடும் என்று பேசினார்கள். 2020-இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 1989-இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’ இரண்டாம் பாகத்தில் சக்கரமே இல்லாமல் காற்றில் மிதக்கும் பலகையைக் காட்டினார்கள். 2015-இல் லெக்சஸ் கார் நிறுவனம் மெய்யாகவே ஒன்றை மிதக்க வைத்துக் காட்டியது. எப்படி? பலகைக்குள் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர வைக்க வேண்டும், ஓடும் தளத்துக்கு அடியில் காந்தம் புதைக்க வேண்டும். நல்ல விளம்பரம். ஆனால் அந்தப் பலகையை விற்பனைக்கு விடவில்லை.

அதே 2015-இல் அந்தப் படத்துப் பெயரை ஒட்டிக்கொண்டு வந்ததுதான் ஹோவர்போர்டு. மிதக்கவில்லை, இரண்டு சக்கரத்தில் பேட்டரியில் ஓடியது. உலகம் முழுவதும் யார் யாரோ செய்து, பெயர் தெரியாத பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். அதன் லித்தியம் பேட்டரிகள் சூடேறித் தீப்பிடித்தன. விமான நிறுவனங்கள் ஏற்ற மறுத்தன. 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 நிறுவனங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பலகைகளைத் திரும்பப் பெற அறிவித்தது. ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் ஒன்வீல் என்ற பலகையும் நால்வர் இறந்த பிறகு, 2023 செப்டம்பரில் சுமார் 3 லட்சம் எண்ணிக்கையில் இதே ஆணையத்தின் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயிற்று.

இத்தனை கூத்துக்கும் நடுவே அந்தப் பழைய நான்கு சக்கரப் பலகை என்ன ஆயிற்று? டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது ஸ்கேட்போர்டு முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் கிராமத்தில் 2015-இல் சறுக்குத் தளம் அமைத்து ஏழைப் பிள்ளைகள் ஓட்டப் பழகினார்கள். நமது மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி பலகை ஓட்டுவதை வைத்து எடுத்த ‘கமலி’ என்ற குறும்படம் பிரிட்டனின் பாப்டா விருதுப் பரிந்துரைவரை போனது. இவர்கள் எல்லாரும் ஏறி நின்றது விசித்திரப் பலகையில் அல்ல. ஒரு பலகை, இரண்டு அச்சு, நான்கு சக்கரம்தான்.

வேடிக்கை ஒரு தடவை, தேய்மானம் பல தடவை

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? வேடிக்கைக்கு விலை ஒரு தடவைதான். பார்த்தவன் வாயைப் பிளக்கிறான், வாங்குகிறான், நாலு பேருக்குக் காட்டுகிறான், அத்தோடு அதன் வேலை முடிந்தது. உபயோகமான பொருளோ தேய்கிறது. தேய்ந்தால் உதிரி வாங்க அதே கடைக்கு வருகிறான். சைக்கிள் வியாபாரம் நம் நாட்டில் இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் சைக்கிள் மட்டும் அல்ல. டியூப், டயர், பால்ரஸ், பிரேக் கட்டை எல்லாம் எந்தக் குக்கிராமத்திலும் கிடைத்ததுதான் காரணம். சைக்கிள் விற்றவனைவிட உதிரி விற்றவனுக்குத் தினப்படி வரவு உண்டு.

ஆகவே விற்பனைப் பிரதிநிதியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “விலை என்ன?” என்பது அல்ல. “இதற்கு உதிரி கிடைக்குமா?” என்பதுதான். அவர் தலையைச் சொறிந்தால், அது உபயோகச் சரக்கு அல்ல, வேடிக்கைச் சரக்கு என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்த கேள்வி, நம் தெருவில் ஓடுமா என்பது. இது கரிசல் காடு. மழை பெய்தால் சக்கரத்தைச் சேறு அப்பிக்கொள்ளும், வெயிலடித்தால் புழுதி பறக்கும். பலகையின் சிறிய கெட்டிச் சக்கரம் ஓட சிமெண்ட் ரோடோ, நல்ல தார் ரோடோ வேண்டும். சரளைக்கல் கிடக்கும் தெருவில் பத்தடி ஓடாது. மூடி சரியில்லாத பேரிங்குக்குள் புழுதி போனால் ஒரே மாதத்தில் கரகரவென்று சத்தம் போடும். வாங்கியவர் சாமானைத் தூக்கிக்கொண்டு நேரே நம் கடைக்குத்தான் வருவார். தயாரித்த கம்பெனியின் ஊர் பேர் அவருக்குத் தெரியாது.

வேடிக்கைச் சரக்கும் விற்கத்தானே செய்கிறது?

நியாயமான கேள்வி. 2017-இல் விரலில் சுழற்றும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் வந்தது நினைவிருக்கும். பிளாஸ்டிக் துண்டின் நடுவே ஒரு பேரிங்; பெரும்பாலும் ஸ்கேட்போர்டில் போடுகிற அதே 608. பெட்டிக் கடைவரை போய்ச் சேர்ந்தது. தொடக்கத்திலேயே வாங்கிக் கொஞ்சமாக விற்று, சீக்கிரமே ஒதுங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். எல்லாரும் விற்கிறார்களே என்று கடைசியில் பெட்டி பெட்டியாக இறக்கியவர்களிடம் சரக்கு தங்கிவிட்டது. சில மாதத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதிதான். குதிகாலில் சக்கரம் பதித்த ஹீலிஸ் என்ற செருப்பு 2000-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அபார விற்பனை. 2006 டிசம்பரில் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 2007-இலேயே கடைகளில் சரக்குத் தேங்கிப் பங்கு விலை சரிந்தது. 2013-இல் கம்பெனியே வேறு கைக்கு மாறிவிட்டது. சந்தையை அளந்து பார்க்க ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கே எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை என்றால், தராசும் கல்லாவும் மட்டும் வைத்திருக்கும் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடக்க விலை 600 ரூபாய் வீதம் 24 பலகை. முதல் 14,400 ரூபாய். திருவிழா வாரத்தில் 10 பலகை 900 ரூபாய்க்குப் போகிறது. ஒன்றுக்கு 300 வீதம் 3,000 ரூபாய் லாபம் என்று கடைக்காரர் மகிழ்கிறார். அடுத்த மாதம் இரண்டு பலகை உடைந்து திரும்பி வருகிறது. தெரிந்த வாடிக்கையாளர், மாற்றிக் கொடுக்காமல் முடியாது. மொத்த வியாபாரியோ டேமேஜை வாபஸ் எடுப்பதில்லை. மீதி 12-இல் 7 பலகையை 500 ரூபாய்க்குத் தள்ளுகிறார். 5 பலகை பரணுக்குப் போகிறது. மொத்த வரவு 9,000-மும் 3,500-மும் சேர்ந்து 12,500 ரூபாய். கைநஷ்டம் 1,900 ரூபாய். இது நடந்து முடிய 10 மாதம்.

அதே 14,400 ரூபாயைப் பருப்பிலும் எண்ணெயிலும் போட்டு, 3 சதவீத லாபத்தில் மாதம் இரண்டு முறை புரட்டினால் மாதத்துக்கு 864 ரூபாய். 10 மாதத்துக்கு 8,640 ரூபாய். பரணில் கிடக்கும் பலகை தின்றது 1,900 மட்டும் அல்ல, இந்த 8,640-ஐயும் சேர்த்துத்தான். தேங்கிய சரக்கு சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிறோம். அது முதலைத் தின்றுகொண்டு கிடக்கிறது.

சட்டம் யார் கையைப் பிடிக்கும்?

நஷ்டத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. இப்போது வில்லங்கமும் சேர்ந்து வருகிறது. இதைச் சிறு வணிகர்கள் பலர் இன்னும் கவனத்தில் கொள்ளவில்லை.

முதலாவது, பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2020-இல் பிறப்பித்த இந்த ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாததை விற்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயச் சட்டம் வைத்த தண்டனை சிறியதல்ல. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2023 ஜனவரியில் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மாதச் சோதனையில் பெரிய பெரிய கடைகளிலிருந்தே 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள். பெரிய கடைக்கு வக்கீல் இருப்பார். நமக்கு?

இரண்டாவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த இதில், பொருளின் குறையால் ஒருவருக்கு அடிபட்டாலோ சொத்துக்குச் சேதம் வந்தாலோ யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. தயாரித்தவர் அல்லாத விற்பனையாளர் எப்போது பொறுப்பாவார் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், தெரிந்தாலும் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாவிட்டால், விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் தராத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்தால், அவர் பொறுப்பு. பூட்டிக் கொடுப்பதிலும் சோதித்துப் பார்ப்பதிலும் அசட்டையாக இருந்தால், எச்சரிக்கைக் குறிப்பை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டால், அப்போதும் அவர் பொறுப்பு.

நமது வழக்கப்படி, “நான் சொல்றேன், தைரியமா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது” என்று வாயால் சொல்கிறோமே, அதுவே நாளை நம் தலையில் வந்து விடியலாம். ஒரு வேவ்போர்டின் திருகை முடுக்காமல் கொடுத்து, பிள்ளையின் கை ஒடிந்தால், வழக்கு எங்கோ இருக்கும் தொழிற்சாலையைத் தேடிப் போகாது. பெட்டியில் பெயரும் இல்லை, கையில் பில்லும் இல்லை என்றால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது நம் கடைப் பலகை மட்டுமே.

பெயர் தெரியாத மலிவுச் சரக்கு என்ன செய்யும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை எப்படி உலுக்கின என்று நாம் கண்ணால் கண்டோம். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது 2023 ஜூனில்தான். பொம்மைகளுக்கும் இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. இதற்குப் பிறகும் ஒரு சாமான் நம்ப முடியாத மலிவு விலையில் பில் இல்லாமல் வருகிறது என்றால், அது எந்த வழியாக வந்தது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

காற்றாலைக்கு உள்ள சோதனை

நமது கயத்தாற்றுக்குப் பல பெருமைகள் உண்டு. கட்டபொம்மன் 1799-இல் தூக்கில் தொங்கிய வீர மண் என்பது எல்லாருக்கும் தெரியும். தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைப் பரிசோதனை நிலையம் இங்கேதான் இருக்கிறது என்பது நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் தருகிறது, இறக்கைகள் எவ்வளவு சுமை தாங்குகின்றன, கோளாறு வந்தால் ஒழுங்காக நிற்கிறதா என்றெல்லாம் அங்கே அளந்து பார்க்கிறார்கள். தயாரித்தவர் சொன்னதை அப்படியே ஏற்பதில்லை. ஓடவிட்டுப் பார்த்த பிறகே சான்று.

இப்படி ஓர் ஊரில் கடை வைத்துக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமலே சரக்கை அலமாரியில் ஏற்றலாமா? நமக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பலகையை வெளியே எடுக்கலாம். தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை விரலால் சுண்டினால், நல்ல பேரிங் சத்தமில்லாமல் சிறிது நேரம் சுற்றும். கரகரத்து நின்றால் அந்தப் பெட்டி வேண்டாம். திருகுகள் முடுக்கியிருக்கின்றனவா என்று ஸ்பானரை வைத்துப் பார்க்கலாம். கனமான ஆள் ஒருவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு பலகை மேல் ஏறி நிற்கச் சொல்லலாம். பலகை வளைந்து தரையைத் தொட்டால், அது பிள்ளைகள் ஏறும் பலகை அல்ல. பத்து நிமிட வேலை இது. புளி வாங்கும்போது கொட்டை இருக்கிறதா என்று பிதுக்கிப் பார்க்கிறோம், பருப்பைக் கையில் அள்ளி ஊதிப் பார்க்கிறோம். பிள்ளைகள் ஏறி நிற்கும் சாமானைப் பார்க்க வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

வேடிக்கைச் சரக்கை அடியோடு ஒதுக்கச் சொல்வது என் நோக்கம் அல்ல. திருவிழாக் கடையில் பலூனும் ஊதலும் இல்லாமல் இருக்குமா? அதற்கு ஒரு அளவும் ஒரு இடமும் வேண்டும் என்பதே என் கருத்து. திருவிழாவுக்கு வாங்கும் பூவைப் போல அதைப் பாவிக்க வேண்டும். அன்று விற்க முடிந்த அளவே வாங்க வேண்டும். மறுநாளுக்கு வைத்திருக்கக் கூடாது.

எத்தனை நஷ்டமானாலும் கடை தாங்கும் என்று ஒரு தொகையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அதில் போட வேண்டாம். எந்தத் தேதிக்குள் விற்காவிட்டால் அடக்க விலைக்கே தள்ளிவிடுவது என்பதையும் வாங்கும் அன்றே எழுதிவையுங்கள். கடனுக்குத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் மயங்காதீர்கள். கடனுக்கு வந்த வேடிக்கைச் சரக்கு விற்காவிட்டாலும் கடன் கடன்தான். பில் இல்லாமலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையையும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் விலையும் அச்சிடாத பெட்டியையும் வாங்கவே வேண்டாம். பேட்டரி வைத்து ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் சாமானைத் தயாரிப்பாளர் பெயரும் பழுது பார்க்கும் இடமும் தெரியாமல் கடைக்குள் ஏற்றாதீர்கள். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் இருக்கும் இடத்தில் அது தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கும் ஊராக இருந்தால், பகட்டில்லாத நான்கு சக்கரப் பலகை இரண்டும், கூடவே மாற்றுச் சக்கரமும் பேரிங்கும் திருகும் வைத்து விற்றுப் பாருங்கள். பலகை வாங்கிய பையன் பேரிங்குக்கு வருவான், பேரிங்குக்கு வந்தவன் வீட்டுக்கு ஒரு கிலோ சீனியும் வாங்கிப் போவான். திரும்பி வரும் வாடிக்கையாளர்தான் கடையின் மூலதனம். சங்கக் கூட்டங்களிலும் யார் யார் என்ன புதுச் சரக்கு வாங்கினோம், எது திரும்பி வந்தது, எந்த மொத்த வியாபாரி டேமேஜை வாபஸ் எடுக்கிறார் என்று மனம் விட்டுப் பேசிக்கொண்டால், ஒருவர் பட்ட அனுபவம் நூறு கடைக்குப் பாடமாகும்.

அடுத்த சீசனுக்கும் ஒரு புதுச் சக்கரம் வரத்தான் போகிறது. இன்னும் விசித்திரமாக, இன்னும் பளபளப்பாக. “அண்ணாச்சி, ரெண்டு பெட்டி போடட்டுமா?” என்று கேட்கும்போது, “உதிரி இருக்கா, முத்திரை இருக்கா, பில் இருக்கா?” என்று நாம் மூன்று கேள்வி கேட்போம். மூன்றுக்கும் பதில் வந்தால் ஒரு பெட்டி போடட்டும். வராவிட்டால் அந்த இடத்தில் ஒரு மூட்டை பருப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.